தேடுபொறி மறைத்தால் யாரிடம் போய்க் கேட்பது?

கேள்வி: 02.02.2025, மாலை 6.15
(குழித்துறைத் தம்பி, திருவனந்தபுரத்தில் சட்டம் படிப்பவர்)

அக்கா, கூகுள் மாதிரித் தேடுபொறி கம்பெனிகளைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. இணையத்தில் என்ன கிடக்கிறதோ அதைத்தான் அவர்கள் காட்டுகிறார்கள். அரசு எடுக்கச் சொன்னால் எடுக்கிறார்கள். முகம் பார்க்கிற கண்ணாடி மேல் என்ன குற்றம்? தணிக்கை என்றால் அரசைக் கேளுங்கள், கம்பெனியை விடுங்கள். எல்லையில் இருபது வருஷமாக பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறீர்கள், நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

02.02.2025, இரவு 10.40

கண்ணாடி என்ற பேச்சை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் தம்பி. கண்ணாடி ஒன்றை முதலாவதாகவும் இன்னொன்றைப் பத்தாவது பக்கத்திலும் காட்டுவதில்லை.

களியக்காவிளை பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் உட்கார்ந்திருப்பாரே, அவரை நினைத்துக்கொள். கையில் பையோடு வருகிற வெளியூர்க்காரர் அவரிடம்தான் கேட்பார்: நாகர்கோவில் வண்டி எது, எத்தனை மணிக்கு? அவர் ஒரு வண்டியை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டால், வண்டி என்னவோ கிளம்பிப் போகும். இவர் திண்ணையிலேயே உட்கார்ந்திருப்பார், அப்படி ஒரு வண்டி இருந்ததே தெரியாமல். யாரோ சொல்லி அவர் மறைத்தாரா, மறந்தாரா, காசு வாங்கினாரா என்பது அடுத்த கேள்வி. அந்த இருக்கையில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு கடமை உண்டு என்பதுதான் என் முதல் கேள்வி.

மீதியை நாளைக்கு எழுதுகிறேன். கடையில் இன்று பென்ஷன்காரர்கள் கூட்டம்.

03.02.2025, பிற்பகல் 2.20

என் கடை கேரளப் பக்கம் இஞ்சிவிளையில், வீடு தமிழ்நாட்டுப் பக்கம் களியக்காவிளையில். தினமும் மாநிலம் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். 1956 நவம்பர் 1-ல் குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்தது, நெய்யாற்றின்கரை அந்தப் பக்கம் நின்றது. எங்கள் குடும்பத்தில் பாதிப் பேர் அங்கே, பாதிப் பேர் இங்கே. எனக்கு அது கல்யாண வீட்டில் மட்டுமே நினைவுக்கு வருகிற விஷயமாக இருந்தது, 2018 மே வரைக்கும்.

அந்த மே 22-ல் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தில் போலீஸ் சுட்டது, 13 பேர் செத்தார்கள். மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டத்திலும் இணையத்தை நிறுத்தச் சொல்லி அரசு உத்தரவு போட்டது. வதந்தி பரவக் கூடாது என்பது காரணம். இராத்திரி வீட்டில் நெட் இல்லை. நான் ரீசார்ஜ் தீர்ந்துவிட்டது என்று நினைத்தேன். பக்கத்து வீட்டு மாமா போனை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் தெருவில் ஒருவருக்கும் காரணம் தெரியாது.

காலையில் கடைக்கு நடக்கிறேன். சோதனைச் சாவடி தாண்டினதும் கைப்பையில் போன் விடாமல் அடிக்கிறது. கேரளாவுக்கு வரவேற்கும் எஸ்எம்எஸ் முதலில், அப்புறம் முந்தின நாளிலிருந்து தேங்கிக் கிடந்த செய்தி எல்லாம் ஒன்றாக. நடந்து தாண்டுகிற தூரம்தான். அந்தப் பக்கம் இருட்டு, இந்தப் பக்கம் வெளிச்சம்.

அந்த வருஷம்தான் பொறியியல் கலந்தாய்வு முதன்முறையாக ஆன்லைனுக்கு மாறியது. மே மாதம் முழுக்க விண்ணப்பப் பதிவு. மார்த்தாண்டம், குழித்துறை, மேல்புறம் என்று எல்லா ஊரிலிருந்தும் பிள்ளைகள் சர்ட்டிபிகேட் பைலோடு என் கடைக்கு வந்துவிட்டார்கள். ஆறு கம்ப்யூட்டர்தான் இருந்தது. வெளியே நிழலில் பாய் விரித்துக் கொடுத்தேன். ஒரு பெண்பிள்ளை, அப்பா மீன் வண்டியில் கொண்டு வந்து இறக்கிவிட்டார், கையெல்லாம் ஐஸ் தண்ணீர், பைலை மட்டும் நெஞ்சோடு பிடித்து நனையாமல் வைத்திருந்தது. ஓடிபி அவள் அம்மா போனுக்குப் போகும். அம்மா போன் வீட்டில். அழைப்பு போகிறது, அம்மா எடுத்து ஆறு எண்ணையும் தப்பும் தவறுமாகப் படிக்கிறார், நேரம் முடிந்துவிடுகிறது. நாலாவது முறைதான் ஏறியது.

தூத்துக்குடியில் யார் செத்தார்கள், சொந்தக்காரர் பிழைத்தாரா என்று தேடுவதற்கும் வந்தார்கள். ஒரு அம்மச்சி பேரன் பெயரைச் சொல்லி, தேடிப் பாரு மக்கா என்றார். அவன் அங்கே லாரியில் கிளீனர். தேடினேன். எதுவும் வரவில்லை. பெயர் வரவில்லை என்பதே நல்ல செய்தி என்று சொல்லித் தேற்றி அனுப்பினேன். அவன் மறுவாரம் வீடு வந்து சேர்ந்தான்.

வதந்தியைத் தடுக்க நெட்டை நிறுத்தினோம் என்றார்கள். என் கடைத் திண்ணையில் அந்த நாட்களில் கேட்ட வதந்தி மாதிரி நான் வாழ்நாளில் கேட்டதில்லை. பார்த்துச் சரிசெய்ய வழி இல்லாதபோது வாய்ப் பேச்சுதான் செய்தி.

03.02.2025, இரவு 9.05

தம்பி பதில் போட்டிருக்கிறான்: அக்கா, நீங்கள் சொன்னது நெட் முடக்கம், தேடுபொறிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

சரி. நான் கலந்துதான் எழுதிவிட்டேன். பிரித்து எழுதுகிறேன். மூடுவதில் மூன்று விதம் இருக்கிறது. ஒன்று, ரோட்டையே வெட்டுவது. 2018-ல் எங்களுக்கு நடந்தது அது. இரண்டாவது, ஒரு வீட்டுக் கதவை மட்டும் பூட்டுவது. குறிப்பிட்ட தளத்தைத் திறக்காதபடி நெட் கொடுக்கிற கம்பெனியிடம் அரசோ நீதிமன்றமோ சொல்வது. மூன்றாவது, ரோடும் கதவும் திறந்தே இருக்கும், வழிகாட்டிப் பலகையை மட்டும் பிடுங்கிவிடுவது. இந்த மூன்றாவதுதான் தேடுபொறியின் கையில் இருக்கிறது.

முதலாவதில் பாதிக்கப்பட்டவனுக்குத் தான் பாதிக்கப்பட்டது தெரியும். மூன்றாவதில் தெரியவே தெரியாது. அதனால்தான் எனக்கு அதன் மேல் பயம் அதிகம்.

05.02.2025, இரவு 11.10

சீனா பற்றிக் கேட்டிருந்தாய்.

கூகுள் 2006 ஜனவரியில் சீனாவுக்கென்று தனித் தளம் திறந்தது. அந்த அரசு வேண்டாம் என்கிற முடிவுகளைத் தானே நீக்கிக் காட்டுவதாக ஒப்புக்கொண்டுதான் திறந்தது. அன்றைக்குப் பெரிய கண்டனம். கம்பெனி சொன்ன சமாதானங்களில் ஒன்று எனக்கு இன்றும் முக்கியமாகப் படுகிறது: உள்ளூர்ச் சட்டப்படி சில முடிவுகள் காட்டப்படவில்லை என்று பக்கத்தின் அடியில் ஒரு வரி போடுவோம் என்றார்கள். போடவும் செய்தார்கள். என்ன நீக்கப்பட்டது என்று அந்த வரி சொல்லாது. ஏதோ நீக்கப்பட்டிருக்கிறது என்றாவது சொல்லும்.

2010 ஜனவரி 12-ல், தங்கள் கணினிகள் மீது சீனாவிலிருந்து தாக்குதல் நடந்தது என்றும் இனி தணிக்கை செய்யப்போவதில்லை என்றும் அறிவித்தார்கள். மார்ச் 22-ல் தேடலை ஹாங்காங் தளத்துக்கு மாற்றினார்கள். நான் அன்று கைதட்டினேன். அப்புறம் 2018-ல், சீனாவுக்காக டிராகன்ஃபிளை என்ற பெயரில் தணிக்கை செய்யும் தேடுபொறி ஒன்றை உள்ளுக்குள்ளேயே செய்துகொண்டிருந்தது வெளியே வந்தது. அங்கே வேலை பார்க்கிறவர்களே சுமார் 1,400 பேர் கையெழுத்துப் போட்டுக் கடிதம் கொடுத்தார்கள். 2019 ஜூலையில் அந்தத் திட்டம் முடிந்துவிட்டது என்று கம்பெனி அமெரிக்க செனட்டில் சொன்னது.

கம்பெனிக்கு மனசாட்சி இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. அங்கே வேலை செய்கிற ஆட்களுக்கு இருக்கிறது, அதற்குப் பலனும் இருக்கிறது என்கிறேன்.

யாஹூ கதை இதைவிட மோசம். 2004-ல் ஷீ தாவோ என்ற சீனப் பத்திரிகையாளர், தியானன்மென் மாணவர் போராட்டத்தின் ஆண்டு நிறைவை எப்படி எழுதக் கூடாது என்று பத்திரிகைக்கு வந்த அரசு உத்தரவை யாஹூ மெயிலில் வெளிநாட்டுக்கு அனுப்பினார். அந்த மெயில் யாருடையது என்று கண்டுபிடிக்க யாஹூ விவரம் கொடுத்தது. 2005-ல் அவருக்குப் பத்து வருஷத் தண்டனை. 2007 நவம்பரில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னால் யாஹூவைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜெர்ரி யாங் அந்தப் பத்திரிகையாளரின் அம்மாவுக்கு முன் தலை குனிந்து நின்றார். ஷீ தாவோ 2013-ல்தான் வெளியே வந்தார்.

06.02.2025, காலை 8.00

இராத்திரி யாஹூ பற்றி எழுதிவிட்டுத் தூக்கம் வரவில்லை. காரணம் இதுதான்.

2011-ல் சைபர் கஃபே விதிகள் வந்தன. வருகிறவரின் அடையாள அட்டை நகல், பெயர், உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம், போன தளங்களின் பதிவு எல்லாம் ஒரு வருஷம் வைத்திருக்க வேண்டும். நீல அட்டை போட்ட நீள நோட்டு ஒன்று வைத்திருந்தேன். ஒரு நாள் சாயங்காலம் சாதாரண உடையில் ஒருவர் வந்தார். துறை ஆள் என்றார். நோட்டைக் கொடு என்றார். எழுத்தில் ஏதாவது உண்டா சார் என்று கேட்டேன். முறைத்தார். கொடுத்துவிட்டேன். அரைமணி நேரம் புரட்டினார், ஒரு பக்கத்தைப் போனில் படம் எடுத்தார், போய்விட்டார்.

அந்தப் பக்கத்தில் பதினான்கு பெயர். எல்லாரையும் எனக்குத் தெரியும். யாருக்காக வந்தார், என்ன ஆனது என்று இன்றுவரை தெரியாது. அவர்களில் ஒருவரிடமும் நான் சொல்லவில்லை. இப்போதுதான் முதல் தடவையாக இதை எழுதுகிறேன். எழுத்தில் கொடுங்கள், இல்லையென்றால் நோட்டு கிடைக்காது என்று நான் நின்றிருக்க வேண்டும். ஆறு கம்ப்யூட்டர் வைத்திருக்கிற எனக்கே அந்தக் கடமை உண்டென்றால், உலகம் முழுக்கக் கடை விரித்திருக்கிறவர்களுக்கு இல்லையா?

09.02.2025, மாலை 5.30

திக்கணங்கோட்டிலிருந்து ஒரு சார் (ஓய்வு பெற்ற தமிழாசிரியர்) எழுதியிருக்கிறார்: தேடுபொறிக்குப் பொறுப்பு என்றால் எதையும் நீக்காமல் இருப்பது மட்டும்தானா?

இல்லை சார். போன வருஷம் என் அத்தைக்கு வங்கிக் கார்டு மெஷினில் மாட்டிக்கொண்டது. வங்கியின் உதவி எண்ணைத் தேடினார். தேடலில் முதலில் பெரிய எழுத்தில் வந்த எண்ணுக்கே போன் போட்டார். எடுத்தவன் நல்ல தமிழ். மகனைப் போல் பேசினான். ஒரு ஆப் இறக்கச் சொன்னான். 18,400 ரூபாய் போனது. ரப்பர்ப் பால் விற்று, சிட்டிப் பணம் கட்ட வைத்திருந்த காசு. அந்த எண்ணைப் பற்றிப் புகார் கொடுத்தோம். மூன்று வாரம் கழித்தும் அதே இடத்தில் இருந்தது. தேடல் கம்பெனிக்கு ஆள் வைத்துப் பேச ஒரு எண் கிடையாது. படிவம் மட்டும்தான், அதற்குப் பதிலும் இல்லை.

இன்னொன்று எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். 2021 ஜூனில், இந்தியாவின் அசிங்கமான மொழி எது என்று தேடினால் கன்னடம் என்று பதில் காட்டியது கூகுள். யாரோ எங்கோ எழுதி வைத்த ஒரு வரியைத் தூக்கி, பெட்டி கட்டி, பதில் மாதிரி மேலே வைத்தது இயந்திரம். கர்நாடகத்தில் கொதித்தார்கள், கம்பெனி மன்னிப்புக் கேட்டது, நீக்கியது. நம் மொழிக்கு வந்திருந்தால் நமக்கு எப்படி இருக்கும்?

ஆக, அரசு சொன்னால் ஒரே நாளில் எடுக்கிறார்கள், ஒரு மாநிலமே கொதித்தால் ஒரே நாளில் எடுக்கிறார்கள், என் அத்தை சொன்னால் மூன்று வாரத்திலும் எடுக்கவில்லை. எடுப்பதும் விடுவதும் சத்தத்தின் அளவைப் பொறுத்ததாக இருக்கிறது. எனக்கு இதுதான் பெரிய ஆத்திரம்.

12.02.2025, இரவு 10.15

நீக்கியே ஆக வேண்டியவை உண்டா என்று தம்பி கேட்கிறான். உண்டு. குழந்தைகளை வைத்து எடுக்கிற அசிங்கத்துக்கு ஒரு விவாதமும் வேண்டாம்.

கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பதற்கான விளம்பரமும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். 1994 சட்டத்தின் 22ஆம் பிரிவு அதைத் தடை செய்கிறது. சாபு மாத்யூ ஜார்ஜ் என்ற சமூக ஆர்வலர் தொடுத்த வழக்கில் கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் மூன்றையும் உச்ச நீதிமன்றம் கேட்டது. சில சொற்களைத் தேடினாலே எதையும் காட்டாமல் தானாக நிறுத்திவிட வேண்டும் என்ற பேச்சு 2016 செப்டம்பர் உத்தரவில் வந்தது. நவம்பரில், புகார் வாங்க ஒரு மத்திய அமைப்பு வேண்டும், அது சொன்ன 36 மணி நேரத்தில் நீக்க வேண்டும் என்றது. 2017 டிசம்பரில் வழக்கு முடிந்தது. உசிலம்பட்டி, சேலம், தருமபுரி என்று பெண் சிசுக் கொலைக் கதைகளைக் கேட்டு வளர்ந்த நாம் இதை எதிர்க்க முடியுமா?

13.02.2025, காலை 7.20

எதிர்க்க வேண்டிய ஒரு பகுதி உண்டு என்று பாறசாலையிலிருந்து ஒரு சிஸ்டர் எழுதியிருக்கிறார். தாலுகா ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டில் நர்ஸாக இருந்தவர். அவர் சொல்வதை அப்படியே போடுகிறேன்: "விளம்பரத்தை எடு, அது சரி. சொல்லையே தடுத்தால், ஸ்கேனில் பிள்ளைக்கு முதுகெலும்பில் கோளாறு என்று சொல்லக் கேட்டு அழுதுகொண்டு வீட்டுக்குப் போகிற பெண் எதைத் தேடுவாள்? அவள் தேடுவதும் அதே சொற்களைத்தானே?"

நான் நேற்று எழுதியதில் இந்த வித்தியாசம் இல்லை. சிஸ்டர் சொல்வதுதான் சரி. குற்றம் செய்கிறவன் போடுகிற விளம்பரத்தை நீக்குவது ஒன்று, கேட்பவளின் கேள்வியையே நீக்குவது வேறொன்று. இயந்திரத்துக்குச் சொல்தான் தெரியும், அவள் ஏன் கேட்கிறாள் என்று தெரியாது.

16.02.2025, காலை 6.50

விகடன் திறக்கவில்லை. உங்களுக்கு எல்லாம் திறக்கிறதா?

16.02.2025, பகல் 12.30

பல ஊரிலிருந்தும் திறக்கவில்லை என்றுதான் பதில் வருகிறது. நான் பார்த்ததை எழுதுகிறேன். தேடுபொறியில் விகடன் என்று அடித்தால் தலைப்புகள் வரிசையாக வருகின்றன. தொட்டால் சுற்றிக்கொண்டே இருந்து, தளத்தை அடைய முடியவில்லை என்கிறது. பலகை இருக்கிறது, கதவு பூட்டு. 03-ந் தேதி எழுதிய இரண்டாம் வகை.

விகடன் பிளஸ் இதழில் 10-ந் தேதி வந்த கார்ட்டூன், பிரதமர் கை கால் விலங்கோடு டிரம்ப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது, அதற்காகத்தான் என்கிறார்கள். அமெரிக்கா நம் ஆட்களை விலங்கு மாட்டி விமானத்தில் திருப்பி அனுப்பிய நேரம் அது. பி.ஜே.பி. தரப்பில் புகார் போயிருக்கிறது. ஆனால் முறையான அறிவிப்பு எதுவும் வரவில்லை என்று விகடன் சொல்கிறது.

நான் முதலில் செய்தது என்ன தெரியுமா? போனை எடுத்துக்கொண்டு எல்லையைத் தாண்டி நடந்தேன். 2018 பழக்கம். இஞ்சிவிளையில் வந்து நின்று மறுபடி தொட்டேன். இங்கேயும் அதே சுற்றல்.

17.02.2025, இரவு 9.40

நேற்று கோபத்தில் எழுதினேன். இன்று கொஞ்சம் நிதானமாக.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவுதான் மத்திய அரசுக்குத் தளத்தைப் பூட்டுகிற அதிகாரத்தைக் கொடுக்கிறது. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, அயல்நாட்டு உறவு மாதிரிச் சில காரணங்களுக்கு மட்டும். அதற்கான 2009 விதிகளில் 16ஆவது விதி, புகாரும் நடவடிக்கையும் ரகசியமாக இருக்க வேண்டும் என்கிறது. 2015 மார்ச் 24-ல் உச்ச நீதிமன்றம் ஷ்ரேயா சிங்கால் வழக்கில், இணையத்தில் புண்படுத்தும்படி எழுதினால் குற்றம் என்ற 66ஏ பிரிவைத் தூக்கி எறிந்தது. நம் கேரள போலீஸ் சட்டத்தின் 118(டி)-யையும் அதே தீர்ப்பில்தான் தூக்கியது. ஆனால் 69ஏ-யை விட்டு வைத்தது. ஏன்? காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும், அப்போதுதான் பாதிக்கப்பட்டவர் நீதிமன்றம் போக முடியும், அந்தப் பாதுகாப்பு இதில் இருக்கிறது என்றது.

காரணம் எழுத்தில் இருக்கிறது, ஆனால் அந்த எழுத்து ரகசியம். தம்பி, நீ சட்டம் படிக்கிறாய். இந்த இரண்டையும் எப்படிச் சேர்த்துப் படிப்பது என்று உன் வகுப்பில் கேட்டுச் சொல்.

கேரளமும் சும்மா இருக்கவில்லை. 2020 நவம்பரில் 118ஏ என்று ஓர் அவசரச் சட்டம் கொண்டு வந்தார்கள். எந்த ஊடகத்திலும் ஒருவரை இழிவுபடுத்தினால் மூன்று வருஷம் வரை ஜெயில். நாடு முழுக்க எதிர்ப்பு வந்து சில நாளில் பின்வாங்கினார்கள். இந்தக் கட்சி, அந்தக் கட்சி என்று பார்க்கிற விஷயம் இல்லை இது.

விகடனுக்கும் பழைய அனுபவம் உண்டு. 1987-ல் அட்டைப்பட ஜோக் ஒன்றுக்காக ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியனுக்குத் தமிழகச் சட்டமன்றம் மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. எதிர்ப்பு வந்து சில நாளில் விட்டார்கள். அவர் விடாமல் வழக்கு நடத்தி ஆயிரம் ரூபாய் இழப்பீடு வாங்கினார். அன்றைக்கு ஜெயிலுக்குப் போனவரை ஊர் பார்த்தது. தீர்மானம் சபையில் எல்லாரும் கேட்க நிறைவேறியது. யார் அடித்தது என்பது தெரிந்திருந்தது.

18.02.2025, மதியம் 1.15

திக்கணங்கோடு சார் கேட்கிறார்: விபிஎன் போட்டு, தடையைச் சுற்றி வேறு வழியாகப் போய்ப் பார்த்தால் போதாதா?

சார், உங்களுக்குத் தெரியும், தம்பிக்குத் தெரியும். என் கடைக்கு ராசிபலன் பார்க்க வருகிற பெரியவருக்கு விபிஎன் என்றால் என்ன தெரியும்? திறக்கவில்லை என்றதும் கம்பெனியை மூடிவிட்டார்களா மக்கா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

23.02.2025, இரவு 8.30

இனி என் பக்கமே கொஞ்சம் சிக்கலாகிறது.

எதை நீக்கினாலும் இது நீக்கப்பட்டது, இன்னார் சொல்லி, இன்ன தேதியில் என்று தேடல் பக்கத்திலேயே ஒரு சீட்டு ஒட்ட வேண்டும் என்பதுதான் இத்தனை நாளாக நான் சுற்றிச் சுற்றிச் சொல்வது. கூகுள் ஓரளவு செய்கிறது. அரசுகள் கேட்டதை 2010 முதல் அறிக்கையாக வெளியிடுகிறது. நீக்கக் கோரி வந்த கடிதங்களை லூமன் என்ற பொதுத் தொகுப்புக்கு அனுப்புகிறது.

ஆனால் எங்கள் சந்தையில் ஒரு பையன் இருக்கிறான். ஒரு அடிதடி வழக்கில் பெயர் சேர்த்தார்கள், செய்தியில் வந்தது. நாலு வருஷம் கழித்து நிரபராதி என்று விடுதலை. விடுதலை ஆனதை ஒருவரும் எழுதவில்லை. அவன் பெயரை அடித்தால் முதலில் வருவது கைதுச் செய்தி. இரண்டு சம்பந்தம் முறிந்தது. இரண்டாவது தடவை பெண் வீட்டார் என் கடையில் உட்கார்ந்துதான் தேடினார்கள். நான்தான் அடித்துக் கொடுத்தேன்.

அவனுக்காக அந்த முடிவை நீக்கி, அதே இடத்தில் இன்னாருடைய கோரிக்கையின் பேரில் நீக்கப்பட்டது என்று சீட்டு ஒட்டினால்? சீட்டே அவனைக் காட்டிக் கொடுக்கும்.

ஐரோப்பிய நீதிமன்றம் 2014 மே 13-ல் இதைப் பற்றித்தான் தீர்ப்புச் சொன்னது. ஸ்பெயினில் ஒருவர், கடனுக்காகத் தன் சொத்து ஏலத்துக்கு வந்த 1998-ம் வருஷத்துப் பத்திரிகை அறிவிப்பு தன் பெயரைத் தேடினால் வருகிறது, கடன் எப்போதோ தீர்ந்துவிட்டது என்றார். பத்திரிகைப் பக்கம் இருக்கட்டும், பெயரைத் தேடும்போது மட்டும் காட்டாதே என்று கூகுளுக்குச் சொன்னது நீதிமன்றம். நம் கேரள உயர் நீதிமன்றமும் 2022 டிசம்பரில், குடும்ப, திருமண வழக்குகளில் கட்சிக்காரர் கேட்டால் அடையாளத்தை இணையத்தில் வெளியிடாமல் இருக்க வேண்டும் என்றது. நடந்துகொண்டிருக்கிற வழக்குக்கு அந்த உரிமை கிடையாது என்றும் சொன்னது. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2024 பிப்ரவரியில் ஒரு விடுதலைத் தீர்ப்பையே, தீர்ப்புகளைப் போடுகிற ஒரு தளத்திலிருந்து எடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது, ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. இன்னும் முடியவில்லை.

அதனால் என் சீட்டைத் திருத்துகிறேன். அதிகாரத்தில் இருப்பவர் கேட்டு நீக்கினால் பெயரோடு சீட்டு. சாதாரண மனிதன் தன் பழைய காயத்துக்காகக் கேட்டால் பெயர் இல்லாத சீட்டு, எண்ணிக்கை மட்டும். நடுவில் வருகிற ஆட்கள், பெரிய பணக்காரர், பழைய எம்.எல்.ஏ., அவர்களை எந்தப் பக்கம் வைப்பது? எனக்கு விடை கிடைக்கவில்லை. யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

24.02.2025, காலை 9.00

பையனுக்கு இரண்டாம் தடவை அடித்துக் கொடுத்தது பற்றிக் கேட்கிறீர்கள். ஆமாம், விடுதலைத் தீர்ப்பையும் பிரிண்ட் எடுத்து அவர்கள் கையில் கொடுத்தேன். படிக்காமல் மடித்து வைத்துக்கொண்டு போனார்கள்.

01.03.2025, இரவு 10.00

நீதிமன்றமே பூட்டினாலும் இதே கதை நடக்கும். திருட்டுப் படத்தைத் தடுக்க சென்னை உயர் நீதிமன்றம் கொடுத்த உத்தரவால் 2012-ல் விமியோ மாதிரி வீடியோத் தளம் முழுசாக மூடிக்கொண்டது. குறிப்பிட்ட முகவரிகளை மட்டுமே தடுக்க வேண்டும் என்று பிறகு நீதிமன்றமே தெளிவுபடுத்த வேண்டி வந்தது. 2017 ஆகஸ்டில், பழைய புத்தகங்களையும் வலைப்பக்கங்களையும் சேமித்து வைக்கிற இன்டர்நெட் ஆர்க்கைவ் தளம் திறக்கவில்லை. படக் கம்பெனிகள் வாங்கிய உத்தரவில் 2,650 தளம் கொண்ட பட்டியல், அதில் இதுவும் ஒன்று. பழைய தமிழ்ப் புத்தகம் எத்தனை அங்கே கிடக்கிறது! என் அப்பா கடைசி வருஷங்களில் அங்கேதான் பழைய பதிப்புகளைப் படித்துக்கொண்டிருந்தார். திறக்காத அன்று, நம் காசு தீர்ந்துவிட்டதா என்றுதான் அவரும் கேட்டார். 2018-ல் நான் நினைத்த மாதிரியே.

எல்லாருக்கும் முதலில் தோன்றுவது தன் மேல்தான் தப்பு என்று. அதை நினைத்தால்தான் எனக்கு வலிக்கிறது.

07.03.2025, காலை 7.40

நேற்று சென்னை உயர் நீதிமன்றம் விகடன் தளத்தைத் திறக்கச் சொல்லி உத்தரவு போட்டிருக்கிறது. அந்தக் கார்ட்டூன் பக்கத்தை இப்போதைக்கு எடுத்துவிட்டு அமைச்சகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், அப்புறம் தடையை நீக்க வேண்டும். கார்ட்டூன் சரியா தவறா என்பது பின்னால் தீர்மானமாகும்.

ஒரே ஒரு படத்துக்காக ஒரு முழுத் தளம் இத்தனை நாள் பூட்டிக் கிடந்திருக்கிறது. ராசிபலன் பெரியவருக்கு அந்தப் படம் இருந்ததே தெரியாது.

08.03.2025, இரவு 9.15

தம்பி கேட்கிறான்: கண்ணாடி என்று நான் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் அக்கா, ஆனால் நம்மால் என்ன செய்ய முடியும்?

2020 ஜனவரி 10-ல் அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம், நெட்டை முடக்குகிற உத்தரவுகளை அரசு வெளியிட்டே ஆக வேண்டும் என்றது. 2018-ல் எங்கள் மாவட்டத்தை முடக்கிய உத்தரவை நான் இதுவரை கண்ணால் பார்த்ததில்லை. முதலில் அதன் நகலைக் கேட்போம், தகவல் உரிமைச் சட்டத்தில். எங்கள் தெருவுக்கு நெட் ஏன் நின்றது, எந்த விதியின் கீழ், யார் கையெழுத்து, எந்தத் தேதியில் திரும்பக் கொடுக்கச் சொன்னார்கள் என்று நாலு கேள்வி. அது கிடைத்தால் அடுத்தது விகடன். 69ஏ என்றால் ரகசியம் என்று மறுத்துவிடுவார்கள், தெரியும். மறுக்கிற கடிதத்தையாவது எழுத்தில் வாங்கி வைப்போம். நீல நோட்டைக் கேட்டு வந்தவரிடம் நான் வாங்காமல் விட்டது அதைத்தான்.

திங்கட்கிழமை மூன்று மணிக்கு மேல் கடைக்கு வா, அப்போது கூட்டம் இருக்காது. மனுவை நீ எழுது, உனக்குத்தான் சட்ட வாசகம் வரும். டைப் அடிப்பது என் பொறுப்பு. அந்தப் பதினான்கு பேரில் மூன்று பேர் இப்போதும் எங்கள் தெருவில்தான் இருக்கிறார்கள். அதற்கு முன்னால் அவர்களைப் போய்ப் பார்த்து, அன்றைக்கு நடந்ததைச் சொல்லிவிட்டு வருகிறேன்.